உட்கருத்தும் உயிரும்: கொலையையும் காயத்தையும் குற்றவியல் சட்டம் அளக்கும் முறை

ஒருவருடைய செயலால் இன்னொருவர் இறந்தார் என்பது நிறுவப்பட்ட பிறகே குற்றவியல் சட்டத்தின் கடினமான பணி தொடங்குகிறது. செயலைச் செய்தவர் எதை நாடிச் செய்தார், எது நேரும் என்று அறிந்திருந்தார், அல்லது எதையும் எண்ணிப் பாராமல் கவனமின்றி நடந்துகொண்டாரா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்து, அதே ஓர் இறப்பு மரண தண்டனைக்குரிய கொலையாகவும், பத்தாண்டுச் சிறைக்குரிய குற்றமாகவும், ஐந்தாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய கவனக்குறைவாகவும், எக்குற்றமும் ஆகாத விபத்தாகவும் முடியக்கூடும். ஊர்ப்பேச்சும் நாளிதழ்த் தலைப்பும் இவை அனைத்தையும் கொலை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. நீதிமன்றத்துக்கு அந்த உரிமை இல்லை. ஒரு மனிதரின் மனத்தில் அந்தக் கணத்தில் என்ன இருந்தது என்பதை அவருடைய செயல்களிலிருந்து மட்டுமே ஊகித்து, அந்த ஊகத்தைச் சான்றுகளால் நிறுத்தி, அதன் பின்னரே அது தண்டனை விதிக்க முடியும்.

சரவணம்பட்டியில் இப்பொருளை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை பேரூராட்சியாக இருந்த இவ்வூர், இன்று சத்தியமங்கலம் சாலையை ஒட்டி மென்பொருள் நிறுவனங்களும் கல்லூரிகளும் அடுக்ககங்களும் வாடகை அறைகளுமாக விரிந்துவிட்டது. வரப்பு, வழித்தடம், கிணற்றுத் தண்ணீர் முறை ஆகியவற்றின் பேரால் எழுந்த பூசல்களை அறிந்திருந்த ஒரு வட்டாரம், வண்டி நிறுத்துமிடம், வாடகை முன்பணம், சாலையில் உரசிச் சென்ற வாகனம் ஆகியவற்றின் பேரால் எழும் பூசல்களையும் இப்போது காண்கிறது. பூசலின் பொருள் மாறியிருந்தாலும், கை ஓங்கப்பட்ட பின் நிகழ்வதைச் சட்டம் பார்க்கும் முறை மாறவில்லை. அந்த முறையின் நுட்பமான பகுதிகளுட் சில, சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த எளிய குடும்பங்களின் வழக்குகளில் உருவானவை என்பது தமிழ் வாசகர்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837இல் அளித்த சட்ட ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் மெக்காலே. 1834இல் இந்தியாவுக்கு வந்த அவர் தம் முதல் மாதங்களைக் கோவைக்கு வடக்கே உதகமண்டலத்தில் கழித்தார் என்பது இவ்வட்டாரத்தார்க்கு ஆர்வமூட்டும் செய்தி. வரைவு 1860இல் சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 162 ஆண்டுகள் நின்றது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா அமர்ந்திருக்கிறது. மக்கள் பேச்சில் கொலைக்கு மறுபெயராகவே ஆகிவிட்ட 302ஆம் பிரிவு இப்போது 103ஆம் பிரிவு. கொலையை வரையறுத்த 300ஆம் பிரிவு இப்போது 101ஆம் பிரிவு. எண்கள் மாறினாலும், உயிருக்கும் உடலுக்கும் எதிரான குற்றங்களைப் பற்றிய வரையறைகள் பெரும்பாலும் பழைய சொற்களிலேயே தொடர்கின்றன. அதனால் பழைய தீர்ப்புகள் அனைத்தும் உயிரோடு இருக்கின்றன. 2024 ஜூலை 1க்கு முன் நிகழ்ந்த செயல்கள் இன்று விசாரிக்கப்பட்டாலும் பழைய சட்டத்தின்படியே தண்டிக்கப்படும். செயல் நிகழ்ந்த நாளில் நடைமுறையில் இருந்த சட்டத்தை மீறியதற்காக மட்டுமே ஒருவரைத் தண்டிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் உறுப்பு கட்டளையிடுகிறது.

குற்றம் ஒன்று நிறைவுபெறச் செயலும் மனமும் ஒருங்கே இருக்க வேண்டும் என்பது குற்றவியல் சட்டத்தின் அடிக்கல். புறத்தே நிகழும் குற்றச்செயல் மட்டும் போதாது. அதைச் செய்தபோது செய்தவரிடம் இருந்த குற்றமனமும் நிறுவப்பட வேண்டும். ஏழு வயது நிரம்பாத குழந்தையின் செயலைச் சட்டம் குற்றமாகவே கருதுவதில்லை. ஏழு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இல்லையெனில் அதற்கும் அதே பாதுகாப்பு உண்டு. மனநோயால் தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு என்றோ அறிய இயலாத நிலையில் இருந்தவரும் தண்டிக்கப்படுவதில்லை. இவையெல்லாம் இரக்கத்தால் அளிக்கப்பட்ட சலுகைகள் அல்ல. குற்றமனம் இல்லாத இடத்தில் குற்றமே இல்லை என்ற விதியின் நேர் விளைவுகள்.

இதனோடு இணைந்தது மெய்ப்பிக்கும் பொறுப்பு பற்றிய விதி. குற்றத்தின் ஒவ்வொரு கூற்றையும் நியாயமான ஐயத்துக்கு இடமின்றி அரசுத்தரப்பே மெய்ப்பிக்க வேண்டும். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை 1935இல் உல்மிங்டன் வழக்கில் இதை ஐயத்துக்கிடமின்றி வகுத்தது; இந்திய நீதிமன்றங்களும் அதையே பின்பற்றுகின்றன. தற்காப்பு, திடீர்ச் சினம் போன்ற விதிவிலக்குகளைக் கோருபவர் மட்டும் அவற்றைக் காட்ட வேண்டும். அப்போதுகூட அரசுத்தரப்பின் அளவுக்கு அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தாம் கூறுவதற்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும்.

உடலுக்கு எதிரான குற்றங்களில் கீழ்ப்படியில் நிற்பது தாக்க முனைதல். அடி விழ வேண்டியதே இல்லை. அடி விழப்போகிறது என்று எதிரே நிற்பவர் அஞ்சும்படியாகக் கை ஓங்குவதும், தடியை எடுப்பதும், நாயை அவிழ்த்துவிட முற்படுவதும் புதிய சட்டத்தின் 130ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். வெறும் சொல் மட்டும் இக்குற்றம் ஆகாது. ஆயினும் ஓங்கிய கைக்குப் பொருள் கொடுப்பது சொல்லே என்பதால், செயலோடு சேர்த்துச் சொல்லையும் நீதிமன்றம் கருதும். உடல்வலி, நோய், இயலாமை ஆகியவற்றுள் ஒன்றை விளைவித்தால் அது காயம். தன்னிச்சையாகக் காயம் விளைவித்தலுக்கு ஓராண்டுச் சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 115ஆம் பிரிவு கூறுகிறது. பழைய சட்டத்தில் அந்த அபராதம் ஆயிரம் ரூபாயாக இருந்தது.

காயத்துக்கும் கொடுங்காயத்துக்கும் இடையிலுள்ள கோடு பாமர மக்கள் எண்ணுவதினும் வேறானது. கண் பார்வை, காதின் கேட்கும் ஆற்றல், உறுப்பு அல்லது மூட்டு ஆகியவற்றின் இழப்பு, தலையோ முகமோ நிலையாக உருக்குலைதல், எலும்போ பல்லோ முறிதல் அல்லது பிசகுதல், உயிருக்கு ஆபத்தான காயம் முதலான எட்டு வகைகளை 116ஆம் பிரிவு அடுக்குகிறது. இவற்றுள் அடங்காத காயம், பார்க்க எவ்வளவு கொடியதாயினும், சட்டத்தில் கொடுங்காயம் ஆகாது. குருதி பெருகிய வெட்டு வெறும் காயமாகவும், குருதியே வராமல் ஆடி விழுந்த ஒரு பல் கொடுங்காயமாகவும் ஆவது இதனால்தான். எட்டாவது வகையில், இருபது நாள் கடும் வலியால் துன்புறுதல் அல்லது அன்றாட வேலைகளைச் செய்ய இயலாதிருத்தல் என்று இருந்ததைப் புதிய சட்டம் பதினைந்து நாளாகக் குறைத்திருக்கிறது. கூலிக்குச் செல்லும் தொழிலாளிக்குப் பதினைந்து நாள் வேலை இழப்பு என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணினால், இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. கொடுங்காயத்துக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு. அரிவாள், கத்தி, தீ, அமிலம் முதலியவற்றால் அதை விளைவித்தால் 118ஆம் பிரிவு ஆயுள் சிறை வரை அளிக்கிறது. அமில வீச்சுக்கென 124ஆம் பிரிவு தனியே பத்தாண்டுக்குக் குறையாத தண்டனையை வகுத்திருக்கிறது.

இவ்வழக்குகளின் போக்கை நிர்ணயிப்பது பெரும்பாலும் வழக்கறிஞரின் வாதத்தைவிட, முதல் மணி நேரத்தில் அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் பதியப்படும் நான்கைந்து வரிகளே. எத்தனை பேர் அடித்தனர், எதனால் அடித்தனர், காயத்தின் நீளம், ஆழம் என்ன என்று அங்கே எழுதப்படுவதும், பின்னர் அளிக்கப்படும் காயச் சான்றும்தான் குற்றத்தின் படியை முடிவுசெய்கின்றன. காயம்பட்டவர் முதலில் வீட்டுக்கோ தெரிந்தவரின் மருந்துக்கடைக்கோ சென்று, இரண்டு நாள் கழித்து அரசு மருத்துவமனைக்குச் செல்வதால் உண்மையான வழக்கும் நலிவடைந்துவிடுகிறது.

காயத்தின் படிகளைத் தாண்டி உயிரிழப்புக்கு வரும்போது சட்டம் இரண்டு வட்டங்களை வரைகிறது. பெரிய வட்டம் மரணம் விளைவிக்கும் குற்றம்; அதை 100ஆம் பிரிவு வரையறுக்கிறது. மரணத்தை விளைவிக்கும் உட்கருத்து, மரணம் விளைவிக்கக்கூடிய காயத்தை ஏற்படுத்தும் உட்கருத்து, தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்ற அறிவு ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் அக்குற்றம் நிறைவுபெறும். அதற்குள் இருக்கும் சிறிய வட்டமே கொலை. அதை 101ஆம் பிரிவு நான்கு கூறுகளாக வகுக்கிறது. எல்லாக் கொலையும் மரணம் விளைவிக்கும் குற்றமே. மரணம் விளைவிக்கும் குற்றம் எல்லாம் கொலை ஆகாது. உட்கருத்து என்பது விளைவை நாடும் மனநிலை. அறிவு என்பது விளைவை நாடாவிட்டாலும் அது வரும் என்று தெரிந்திருக்கும் மனநிலை. இரண்டிலும் மரணத்தின் வாய்ப்பு எந்த அளவுக்கு இருந்தது என்பதே இவ்வட்டங்களைப் பிரிக்கிறது. நேரக்கூடும் என்ற அளவில் இருந்தால் பெரிய வட்டம், இயல்பான போக்கில் நேர்ந்தே தீரும் என்ற அளவில் இருந்தால் கொலை.

1876இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த கோவிந்தா வழக்கு இவ்வேறுபாட்டுக்கு முதல் ஒளியைத் தந்தது. இளவயதுக் கணவர் ஒருவர் தம் மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் கைமுட்டியால் குத்தினார். மூளையில் குருதி கசிந்து அப்பெண் இறந்தார். ஆயுதம் இல்லை, குத்துகளும் மரணத்துக்குப் போதுமானவை அல்ல என்று கண்ட நீதிபதி மெல்வில், இது கொலை அன்று, கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம் என்று முடிவு செய்தார். இதற்கு மறுபக்கமாக 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த விர்சா சிங் வழக்கைக் கூறலாம். ஈட்டியால் வயிற்றில் ஒரே ஒரு குத்து. குடல் வெளிவந்து, குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். தனக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்ற எதிரியின் வாதத்தை நீதிபதி விவியன் போஸ் ஏற்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட காயத்தை எதிரி நாடியே ஏற்படுத்தினாரா, அல்லது அது தற்செயலாக நேர்ந்ததா என்பது மட்டுமே மனம் பற்றிய கேள்வி. அக்காயம் இயல்பான போக்கில் மரணத்துக்குப் போதுமானதா என்பது மருத்துவச் சான்றால் புறநிலையாக முடிவு செய்யப்பட வேண்டியது என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரே குத்துதான் என்பதால் கொலை ஆகாது என்று இன்றும் பல நீதிமன்றங்களில் எழும் வாதத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விடை தரப்பட்டுவிட்டது.

தென்னகத்தின் பங்களிப்பு இதனினும் நுண்ணியது. 1918 அக்டோபரில் பழனிக் கவுண்டன் என்பவர் கலப்பைக் கொழுவால் மனைவியின் தலையில் அடித்தார். மனைவி உணர்விழந்து விழுந்தார். மனைவி இறந்துவிட்டதாக நம்பிய கணவர், தற்கொலை என்று தோன்றச் செய்வதற்காக அவரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். உடற்கூறாய்வில் தெரியவந்த உண்மை வேறு: அடியால் அவர் இறக்கவில்லை, தொங்கவிட்டபோது கழுத்து நெரிந்தே இறந்தார். கொழுவின் அடி மரணத்தை விளைவிக்கக்கூடியது என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. 1919இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஆராய்ந்தது. உயிரோடிருக்கும் மனிதரின் மரணத்தை நோக்கியதாக உட்கருத்து இருக்க வேண்டும். கணவர் தூக்கியது தம் நம்பிக்கையில் ஒரு பிணத்தை. ஆகவே இரண்டாம் செயலின்போது அவரிடம் கொலைக்குரிய மனம் இல்லை, முதற்செயலின்போதோ அடிக்கும் மனமே இருந்தது என்று அமர்வு கண்டது. கொலையும் இல்லை, மரணம் விளைவிக்கும் குற்றமும் இல்லை என்று அறிவித்து, முதலில் அடித்த அடிக்கும், பொய்ச்சான்றை உருவாக்க முயன்றதற்கும் அவரைத் தண்டிக்கலாம் என்று முழு அமர்வு கூறியது.

இத்தீர்ப்பைக் கேட்கும் எவருக்கும் மனம் கசக்கும். ஒரு பெண் தம் கணவர் கையால் இருமுறை துன்புறுத்தப்பட்டு இறந்திருக்க, கொலை இல்லை என்று சட்டம் சொல்வதை ஏற்பது எளிதன்று. ஆனால் அதே உயர் நீதிமன்றம் 1933இல் காளியப்பக் கவுண்டன் வழக்கிலும், 1943இல் தவமணி வழக்கிலும் வேறு முடிவுக்கு வந்ததை உடன்வைத்துப் பார்த்தால்தான் கோட்பாட்டின் வலிமை புலப்படும். முன்னதில், தாக்கப்பட்டு இறந்ததாகக் கருதப்பட்டவர் ரயில் தண்டவாளத்தில் கிடத்தப்பட்டு ரயிலால் இறந்தார். பின்னதில், தாக்கப்பட்ட பெண் கிணற்றில் எறியப்பட்டு மூழ்கி இறந்தார். இரண்டிலும் இறந்துவிட்டார் என்ற தவறான நம்பிக்கை இருந்தது, இரண்டிலும் உயிர் போனது இரண்டாம் செயலால்தான். ஆயினும் தொடக்கத்திலிருந்தே கொல்லும் நோக்கம் இருந்ததாலும், இரு செயல்களும் ஒரே திட்டத்தின் கூறுகள் என்பதாலும் இரண்டும் கொலை என்றே முடிவாயின. லண்டன் பிரிவி கவுன்சில் தாபோ மேலி வழக்கில் இதே கருத்தை 1954இல்தான் அடைந்தது. பழனிக் கவுண்டன் தப்பியது சட்டத்தின் ஓட்டையால் அன்று. அவர் கொல்ல நினைத்தார் என்று காட்ட அரசுத்தரப்பிடம் சான்று இல்லாததால். விளைவின் கொடுமையைப் பார்த்து மனத்தை ஊகிக்கும் பழக்கத்துக்கு நீதிமன்றம் இடம் தந்திருந்தால், பின்னாளில் குற்றமற்றவர் பலர் அதே ஊகத்தின் வழியாகத் தூக்குமேடை ஏறியிருப்பர்.

ஒருவரை நோக்கிய உட்கருத்து வேறொருவரின் உயிரைப் பறித்தால் என்னாகும் என்பதற்கும் சென்னையே விடை கூறியது. தாம் ஆயுள் காப்பீடு எடுத்துவைத்திருந்த ஒருவரைக் கொல்ல நஞ்சு கலந்த அல்வாவைக் கொடுத்தார் ஓர் எதிரி. அவர் சிறிது உண்டு மிச்சத்தை வைத்துவிட, ஒரு சிறுமி அதை எடுத்துத் தின்று இறந்தாள். 1912இல் நீதிபதிகளிடையே கருத்து வேறுபட்டபோதும், பெரும்பான்மை முடிவில் அது கொலையாயிற்று. இன்றைய 102ஆம் பிரிவின் பொருளும் அதுவே.

பலர் சேர்ந்து செய்யும் குற்றத்தில் ஒவ்வொருவரின் மனத்தையும் எப்படி அளப்பது என்பது அடுத்த சிக்கல். பொது உட்கருத்தோடு பலர் செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தனியே செய்ததுபோல் பொறுப்பாவர் என்று 3ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவும், ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சட்டவிரோதக் கூட்டத்தின் பொது நோக்கத்தை முன்னிட்டு ஒருவர் செய்த குற்றத்துக்கு அக்கூட்டத்தினர் அனைவரும் பொறுப்பாவர் என்று 190ஆம் பிரிவும் கூறுகின்றன. இவ்விதிகளின் மனிதப் பொருளைக் கோவை மக்கள் மறக்க இயலாத வகையில் உணர்த்தியது தருமபுரிப் பேருந்து எரிப்பு வழக்கு. 2000 பிப்ரவரி 2 அன்று, பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து நடந்த மறியலின்போது, கல்விச் சுற்றுலா சென்றிருந்த கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து தருமபுரி அருகே இலக்கியம்பட்டியில் பெட்ரோல் ஊற்றி எரிக்கப்பட்டது. மூன்று மாணவியர் உயிரோடு எரிந்து மாண்டனர். கிருஷ்ணகிரியில் தொடங்கிய விசாரணையில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். இறந்த மாணவி ஒருவரின் தந்தை உயர் நீதிமன்றத்தை நாடியதன்பேரில் அவ்விசாரணை நீக்கப்பட்டு, சேலத்தில் புதிதாக நடந்தது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டில் உயர் நீதிமன்றமும், 2010 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தன.

பேருந்தை எரிப்பதே நோக்கம், மாணவியரைக் கொல்வது நோக்கமன்று என்பது எதிரிகளின் வாதம். 101ஆம் பிரிவின் நான்காம் கூற்றைப் படித்தால் அது எத்துணை வலுவற்ற வாதம் என்பது விளங்கும். மரணம் நிகழ்ந்தே தீரும் அளவுக்கு உடனடி ஆபத்துள்ள செயல் என்று அறிந்து, எவ்வித நியாயமும் இன்றி அதைச் செய்வதும் கொலையே. குறிப்பிட்ட ஒருவரைக் கொல்லும் நாட்டம் அதற்குத் தேவையில்லை. ஆட்கள் அமர்ந்திருக்கும் வண்டியில் பெட்ரோல் ஊற்றித் தீ வைப்பவருக்கு அந்த அறிவு இல்லை என்று எவராலும் கூற இயலாது. 2016 மார்ச் 11 அன்று மறுசீராய்வில் உச்ச நீதிமன்றம் குற்றத் தீர்ப்பை மாற்றாமல், முன்திட்டம் இன்மையையும், கூட்ட வெறியில் மனம் நிலைகுலைந்த சூழலையும் கருதி, மரண தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். மரண தண்டனை குறைக்கப்பட்டதில் தவறில்லை. அரிதினும் அரிதான வழக்குக்கே அது உரியது என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் வகுக்கப்பட்ட அளவுகோலை இறுக்கமாகவே பயன்படுத்த வேண்டும். ஆனால் கூட்டத்தில் இருந்தது பொறுப்பைக் குறைக்கும் என்ற காரணம் கவலை தருவது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சாதி, இனம், மொழி, பிறந்த இடம், பாலினம், தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களால் சேர்ந்து செய்யும் கொலையைப் புதிய சட்டத்தின் 103ஆம் பிரிவு இரண்டாம் உட்பிரிவு தனிக்குற்றமாக வகுத்திருப்பதை நோக்கினால், கூட்டமாகச் சேர்வதைக் கொடுமையை மிகுவிக்கும் சூழலாகவே நாடாளுமன்றம் கருதியிருப்பது தெரிகிறது. கட்சியின் பெயரால் கூடும் கும்பல் அப்பட்டியலில் வெளிப்படையாக இல்லை என்பது அதன் குறை.

கூட்டுப் பொறுப்பைச் சட்டம் விரித்துவைத்திருந்தாலும், சான்றின் அளவு அதற்காகக் குறைந்துவிடுவதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, சாதி மறுத்து மணம் செய்துகொண்ட பொறியியல் மாணவர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டு, அவருடைய மனைவியும் வெட்டுக்காயங்களோடு உயிர்பிழைத்த வழக்கில், திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பரில் பெண்ணின் தந்தை உட்பட அறுவருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம், வெட்டிய ஐவரின் தண்டனையை 25 ஆண்டுகளுக்குக் குறைப்பு இல்லாத ஆயுள் சிறையாக மாற்றி, சதி மெய்ப்பிக்கப்படவில்லை என்று தந்தையை விடுவித்தது. அத்தீர்ப்பு தமிழகத்தில் பலரைப் புண்படுத்தியது. அரிவாளைப் பிடித்த கை கண்காணிப்புக் கேமராவில் பதிகிறது. ஏவிய மனம் பதிவதில்லை. சாதி ஆணவக் கொலைகளில் சதியே குற்றத்தின் உயிர்நாடியாக இருப்பதால், தொலைபேசித் தொடர்பு, பணப் பரிமாற்றம், முன்கூட்டிய சந்திப்பு ஆகியவற்றைப் புலனாய்வு தொடக்க நாள்களிலேயே ஒரு சங்கிலியாகக் கோத்து நிறுவாவிட்டால், பின்னர் எந்த நீதிமன்றமும் அக்குறையை நிரப்ப முடியாது.

கவனக்குறைவால் நேரும் மரணத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. 106ஆம் பிரிவு அதற்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய சட்டத்தில் அது இரண்டாண்டு. விபத்தை விளைவித்து, அறிவிக்காமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு என்ற இரண்டாம் உட்பிரிவு, சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது. மது அருந்திவிட்டுக் கூட்டம் நிறைந்த சாலையில் விரைந்து ஓட்டுபவரின் செயல் கவனக்குறைவு என்ற எல்லையைத் தாண்டி, மரணம் நேரக்கூடும் என்ற அறிவோடு செய்யப்பட்டதாக ஆகலாம் என்று 2012இல் அலிஸ்டர் பெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சத்தியமங்கலம் சாலையில் இரவில் வண்டி ஓட்டும் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

உட்கருத்து முழுமையாக இருந்தும் கொலை என்ற படியிலிருந்து குற்றத்தை இறக்கும் விதிவிலக்குகள் ஐந்து. தற்காப்புரிமையின் எல்லையை நல்லெண்ணத்தோடு மீறுதல், திடீர்ச் சண்டையில் முன்திட்டமின்றிச் செய்தல் முதலியவை அவற்றுள் அடங்கும். மிக மனிதத்தன்மை வாய்ந்ததும், அதே நேரம் மிகக் குறைபாடுள்ளதும் முதல் விதிவிலக்கே. கடுமையாகவும் திடீரெனவும் மூட்டப்பட்ட சினத்தால் தன்னடக்கத்தை இழந்து கொன்றவர் கொலைக் குற்றவாளி ஆகார் என்பது அதன் சாரம். 1961இல் கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில், மனைவியின் வாக்குமூலத்துக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேரம் கடந்துவிட்டதால் சினம் ஆறப் போதிய பொழுது இருந்தது என்று கூறி உச்ச நீதிமன்றம் விதிவிலக்கை மறுத்தது. கடற்படை அதிகாரி ஒருவருக்கு அந்த அளவுகோல் பொருத்தமானதே. ஆண்டுக்கணக்கில் கணவரின் அடியையும் இழிசொல்லையும் தாங்கிக்கொண்டு, ஒருநாள் ஏதோ ஒரு சிறு சொல்லில் மனம் முறிந்துபோகும் பெண்ணுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி.

இக்கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989இல் சுயம்புக்கனி வழக்கில் நேரே எதிர்கொண்டது. குழந்தைகளோடு தானும் சாக முனைந்து, குழந்தைகள் இறக்கத் தான் மட்டும் பிழைத்துக்கொள்ளும் தாயைச் சட்டம் கொலையாளியாகப் பார்க்கிறது. தமிழ்நாட்டு மக்களோ அவளை நல்லதங்காளின் வழிவந்தவளாகப் பார்க்கின்றனர். அந்நிலையை நல்லதங்காளின் பெயராலேயே குறிப்பிட்ட உயர் நீதிமன்றம், திடீர்ச் சினத்துக்கும் நீடித்த சினத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை விளக்கியது. முன்னது ஒரு கணத்தில் வந்து ஒரு கணத்தில் வெடிப்பது. பின்னது பல நாள், பல ஆண்டு நிகழ்ந்த கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, இறுதியில் மிக அற்பமான ஒன்றால் தாங்கும் எல்லையைக் கடப்பது. சட்டத்திலுள்ள விதிவிலக்குகள் முற்றாக வரையறுக்கப்பட்டவை அல்ல, வழிகாட்டுபவை என்று கொண்டு, நீடித்த சினத்தையும் அவற்றோடு சேர்த்து எண்ணலாம் என்று நீதிமன்றம் கூறியது. பிற்காலத்தில் இத்தகைய தாய்மாரின் வழக்குகளில் உயர் நீதிமன்றம் இக்கோட்பாட்டைப் பின்பற்றியிருக்கிறது.

இங்கிலாந்து இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. பத்தாண்டு கொடுமைக்குப் பின் கணவரைக் கொன்ற பஞ்சாபியப் பெண் கிரண்ஜித் அலுவாலியாவின் கொலைத் தீர்ப்பை 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியபோதும், சினம் திடீரென்று எழுந்ததாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியைக் கைவிடவில்லை. அவருடைய மனநலம் பற்றிய புதிய சான்றின் அடிப்படையிலேயே மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2009இல் இயற்றப்பட்ட சட்டமே, தன்னடக்க இழப்பு திடீரென்று நேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதியது. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே அதைக் கண்டிருந்தது. ஆயினும் 2023இல் புதிய சட்டம் இயற்றிய நாடாளுமன்றம், 1860ஆம் ஆண்டின் அதே கடுமையான, திடீர்ச் சினம் என்ற சொற்களை ஒரு மாற்றமுமின்றி 101ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டது. கிட்டிய அரிய வாய்ப்பு வீணாயிற்று.

நீதிபதி உருவாக்கிய கோட்பாடு நீதிபதியின் இசைவைப் பொறுத்தே நிற்கும். ஒரு மாவட்டத்தில் அது ஏற்கப்பட்டு இன்னொரு மாவட்டத்தில் மறுக்கப்படலாம். அதை எடுத்துரைக்க வழக்கறிஞர் இல்லாத ஏழைப் பெண்ணுக்கு அது எட்டாமலேயும் போகலாம். குற்றவியல் சட்டம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமும் அதைத் திருத்தலாம். 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கான தண்டனையைக் கூட்டுவதற்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை இச்சட்டத்துக்கே ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. நீடித்த கொடுமையால் மூண்ட சினமும் முதல் விதிவிலக்கில் அடங்கும் என்ற ஒரு விளக்க வாக்கியத்தைச் சேர்க்கும் மசோதாவையும் சட்டப்பேரவை அதே வழியில் நிறைவேற்ற வேண்டும். அதன் வரைவை எழுதிக் கொடுக்கக் கோவையின் வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் முன்வர வேண்டும்.